யுத்த காலத்தில் பிறந்த அறிவு நிலையம்

1940-ஆம் வருஷம் ஜூன் மாதம் 14-ந் தேதி பாரிஸ் மாநகரம் ஜெர்மன் படைகளின் வசமாயிற்று. 22-ந் தேதி பிரான்ஸ் தேசம் போர் நிறுத்த உடன்படிக்கையில் கையொப்பமிட்டது. ஐரோப்பாவின் ராஜ்யங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்து கொண்டிருந்த அந்த நாட்களின் நடுவே, ஜூன் 19-ந் தேதியன்று, ஐரோப்பாவின் மேற்குக் கோடியிலுள்ள ஒரு சிறு நாட்டில் ஒரு சட்டம் நிறைவேறிற்று. அது ஆள் திரட்டும் சட்டமன்று. பீரங்கி வாங்கும் சட்டமன்று. உணவுப் பங்கீட்டுச் சட்டமுமன்று. அறிஞர் சிலர் பரீட்சைக் கவலையும் பாடம் நடத்தும் பாரமுமின்றி அமர்ந்து சிந்திப்பதற்கு ஒரு நிலையம் ஏற்படுத்தும் சட்டம் அது. டப்ளின் உயர்தர ஆராய்ச்சி நிலையம் என்று இன்று உலகெங்கும் அறியப்படும் ஸ்தாபனம் அன்று பிறந்தது.

அச்சட்டத்தைக் கொண்டு வந்தவர் ஏட்டுச் சுரைக்காய் விற்கும் வெறும் பண்டிதரல்லர். சிறையையும் மரண தண்டனைத் தீர்ப்பையும் நேரில் கண்ட தேசபக்தர். அயர்லாந்தின் பிரதம மந்திரி ஈமன் டி வேலரா. "நாடு இருக்கும் நிலையில் இது என்ன ஆடம்பரம்?" என்று கேட்டவர்கள் அவர் நாட்டிலேயே பலர் இருந்தனர். அயர்லாந்தில் அப்போது வசித்தோர் ஏறக்குறைய 30 லட்சம் பேர். பெரும்பாலும் விவசாயத்தை நம்பிய ஏழை நாடு. யுத்தத்தில் எப்பக்கமும் சேராது நின்ற போதிலும், நிலக்கரியும் தேயிலையும் கிடைப்பது அரிதாகிவிட்டது. இந்நிலையில் அறிஞர்களுக்கு மாளிகையும் சம்பளமும் எதற்கு?

இக்கேள்வி அயர்லாந்துக்கு மட்டும் உரியதன்று. அந்நிய ஆட்சியினின்று விடுபட்ட ஒவ்வோர் ஏழை நாட்டிலும் இது எழுந்திருக்கிறது, இன்னமும் எழுகிறது. முதலில் சோறு, பிறகு சாஸ்திரம் என்னும் வாதம் கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆயினும் டப்ளினில் நடந்தவற்றை உற்று நோக்குவோருக்கு வேறொரு நியாயமும் புலப்படும். சுதந்திரம் என்பது அரண்மனைக் கொடியை மாற்றுவதுடன் முடிவதன்று. ஒரு ஜனசமூகம் தன் மூளையால் தானே சிந்திக்கும் உரிமையை எய்தும்போதுதான் அது நிறைவுறுகிறது. அவ்வாறு சிந்திப்பவர்கள் தேசத்துக்கு உவப்பில்லாத முடிவைச் சொன்னாலும் பொறுத்துக் கொள்ளும் நெஞ்சுரம் வேண்டும் என்பது அந்த உரிமையின் மறுபாதி.

கணித ஆசிரியர் நாடாள வந்தார்

டி வேலரா அரசியலில் புகுமுன் கணித சாஸ்திரம் கற்பித்து ஜீவனம் செய்தவர். 1916-ஆம் வருஷத்து ஈஸ்டர் கிளர்ச்சியில் ஒரு படைப் பிரிவுக்குத் தலைமை வகித்துப் போராடிப் பிடிபட்டார். அவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை பின்னர் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. சிறை வாசம், தப்பி ஓடுதல், உள்நாட்டுப் போர், தேர்தல் வெற்றி என்று அவர் வாழ்க்கை எத்தனையோ திருப்பங்களைக் கண்ட போதிலும், கணிதத்தின் மீது அவர் கொண்ட காதல் மாத்திரம் குன்றவில்லை.

அவர் போற்றிய பெரியார் 1805-ல் டப்ளினில் பிறந்த வில்லியம் ரோவன் ஹாமில்டன். கலாசாலை மாணவராக இருந்தபோதே டன்சிங்க் வானசாஸ்திர சாலையின் தலைமைப் பதவிக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட மேதை அவர். 1843-ஆம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி, கால்வாய்க் கரையோரம் மனைவியுடன் நடந்து செல்லுகையில் ஒரு புதிய கணித முறை அவர் மனத்தில் உதித்ததென்றும், அதன் சூத்திரத்தை அங்கிருந்த பாலத்தின் கல்லிலேயே கீறி வைத்தாரென்றும் வரலாறு கூறுகிறது. அத்தகைய மேதை வாழ்ந்த டன்சிங்க் வானசாஸ்திர சாலை 1921-ல் மூடப்பட்டுக் கிடந்தது. நாடு விடுதலை பெறும் தறுவாயில் அதன் வானசாஸ்திர சாலைக்குப் பூட்டு விழுந்தது! இதைக் கண்டு ஒரு கணித ஆசிரியரின் நெஞ்சம் நொந்திருக்கும் என்பதில் வியப்பென்ன?

இரண்டு பகுதிகள் மட்டும்

டி வேலரா தம் திட்டத்துக்கு முன்மாதிரியாகக் கொண்டது அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரில் 1930-ல் தோன்றிய உயர்தர ஆராய்ச்சி நிலையம். லூயி பாம்பர்கர் என்னும் வியாபாரியும் அவருடைய சகோதரியும் தந்த 50 லட்சம் டாலர் மூலதனத்தில், ஏப்ரகாம் பிளெக்ஸ்னர் என்னும் கல்வி நிபுணர் அதை நிறுவினார். அங்கே வகுப்பில்லை, பட்டமில்லை, பரீட்சையில்லை. 1933-ல் ஹிட்லரின் ஜெர்மனியைத் துறந்த ஐன்ஸ்டீன் அங்கேதான் புகலிடம் பெற்றார்.

பிரின்ஸ்டனுக்குக் கோடீசுவரர் கிடைத்தார். டப்ளினுக்கு அப்படி எவரும் கிடைக்கவில்லை. ஆகவே ஏழைச் சர்க்கார் ஒன்று எவ்வளவு குறைந்த பொருளைக் கொண்டு எவ்வளவு உயர்ந்த காரியத்தைச் செய்யலாம் என்று டி வேலரா கணக்கிட்டார். ஆரம்பத்தில் அவர் எடுத்துக் கொண்டவை இரண்டே பகுதிகள். ஒன்று, கெல்டிய மொழி ஆராய்ச்சி. மற்றொன்று, சித்தாந்த பௌதிகம், அதாவது கணிதத்தின் துணையால் இயற்கையின் விதிகளை ஆராயும் சாஸ்திரம்.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தேர்ந்தெடுத்ததன் காரணத்தில்தான் ராஜதந்திரியின் கூர்மை விளங்குகிறது. சித்தாந்த பௌதிகத்துக்குப் பெரிய ஆய்வுக்கூடங்களும் விலையுயர்ந்த யந்திரங்களும் தேவையில்லை. நல்ல நூல் நிலையமும் காகிதமும் தேர்ந்த மூளையும் இருந்தால் போதும். அதில் சிறு நாடும் பெரு நாட்டோடு சரிநிகராய் நிற்கலாம். கெல்டிய ஆராய்ச்சியோ, அயர்லாந்து செய்யாவிடில் அதை அயர்லாந்துக்காக வேறு எவரும் செய்யப் போவதில்லை. ஆங்கில ஆட்சியின் நூற்றாண்டுகளில் ஐரிஷ் பாஷை அரசாங்கத்திலும் பள்ளியிலும் இடமிழந்தது. 1845 முதல் 1849 வரை நிகழ்ந்த கொடிய பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். அதற்கு மேற்பட்டோர் கப்பலேறிப் பிற நாடுகளுக்குச் சென்றனர். மாண்டவரிலும் சென்றவரிலும் அப்பாஷை பேசிய ஏழைகளே மிகுதி. எஞ்சியவை பழைய சுவடிகளும், மேற்குக் கடற்கரைக் கிராமங்களில் சில முதியோரின் நாவும்தாம். சுவடிகளைப் பதிப்பித்தல், பேச்சு வழக்குகளைப் பதிவு செய்தல் ஆகியவற்றைச் சட்டமே இந்நிலையத்தின் கடமையாக வகுத்தது.

ஒன்று உலகம் முழுவதற்கும் பொதுவான சாஸ்திரம். மற்றொன்று அந்த மண்ணுக்கே உரிய சாஸ்திரம். வெளியே நோக்கும் கண் ஒன்று, உள்ளே நோக்கும் கண் ஒன்று. ஒரு கண்ணை மூடிக்கொண்டு தேசியம் பேசுவோர் எந்நாட்டிலும் உண்டு. டி வேலரா இரண்டையும் திறந்து வைத்தார்.

சபையில் எழுந்த எதிர்ப்பு

அயர்லாந்தின் பார்லிமெண்டில் இம்மசோதா எளிதில் நிறைவேறவில்லை. சர்வகலாசாலைகளே பண முடையால் தவிக்கையில் புதிதாக ஒரு ஸ்தாபனம் ஏன் என்றும், இருக்கின்ற கலாசாலைகளுக்கே அப்பொருளை வழங்கினாலென்ன என்றும் எதிர்க்கட்சியினர் வாதித்தனர். இவ்வாதம் அற்பமானதன்று. ஆராய்ச்சியையும் போதனையையும் பிரித்துவிட்டால் இரண்டும் வாடும் என்று கருதும் கல்விமான்கள் இன்றும் உளர்.

எனினும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சர்வகலாசாலை ஆசிரியர் ஆண்டு முழுவதும் வகுப்பு, பரீட்சை, விடைத்தாள், குழுக் கூட்டம் என்னும் செக்கைச் சுற்றி வருபவர். இந்நிலையத்தின் ஆசிரியருக்கோ ஆராய்ச்சியே தொழில். அவரைச் சூழ இருப்போர் முன்னரே பட்டம் பெற்று, மேலும் ஆராய வந்த இளைஞர்கள். அதே சமயம், பொது ஜனங்களை மறந்து தந்தக் கோபுரத்தில் குடியிருக்கவும் இடமில்லை. ஆண்டுதோறும் பொதுப் பிரசங்கங்கள் நிகழ்த்த வேண்டுமென்று ஏற்பாடு செய்யப்பட்டது. வரி செலுத்துவோன் வந்து உட்கார்ந்து கேட்க உரிமை பெற்றான். இந்தச் சிறு ஏற்பாடு பின்னால் எத்தகைய பெரும் பயனை விளைத்தது என்பதைக் காண்போம்.

அகதியாய் வந்த அறிஞர்

எர்வின் ஷ்ரோடிங்கர் 1887-ல் வியன்னாவில் பிறந்தவர். 1926-ல் அவர் கண்ட அலைச் சமன்பாடு பௌதிக சாஸ்திரத்தின் போக்கையே மாற்றியது. அச்சமன்பாட்டைக் காண்பதற்கு அவருக்கு வழி காட்டியவற்றுள் ஒன்று நூறு ஆண்டுகளுக்கு முன் ஹாமில்டன் கண்ட கணித உண்மை என்பது குறிப்பிடத்தக்கது. 1933-ல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டு, ஹிட்லர் பதவிக்கு வந்ததும், தாம் யூதரல்லராயினும் பெர்லின் பதவியை விட்டு வெளியேறினார். பின்னர் ஆஸ்திரியாவுக்குத் திரும்பி கிராட்ஸ் நகரில் ஆசிரியரானார். 1938 மார்ச்சில் நாஜிகள் அந்நாட்டையும் விழுங்கினர். அப்போது அவர் மனந்தளர்ந்து, புதிய ஆட்சியை ஏற்பதாக ஒரு கடிதத்தைப் பத்திரிகையில் வெளியிட்டார். பிற்பாடு அதற்காக வருந்தினார். அந்தப் பணிவும் அவரைக் காக்கவில்லை. நம்பத் தகாதவர் என்று முத்திரை குத்தி அவரைப் பதவி நீக்கினார்கள். மனைவியுடன் சில பெட்டிகளோடு ரோமாபுரிக்குத் தப்பி ஓடினார்.

அச்சமயம் ஜினீவாவில் சர்வதேச சங்க மகாசபையின் தலைவராக வீற்றிருந்தவர் டி வேலரா. ஷ்ரோடிங்கரை டப்ளினுக்கு அழைத்துவரும் எண்ணம் அவருக்கு முன்னமே இருந்தது. ஒரு காலத்தில் டன்சிங்கில் வானசாஸ்திரியாக இருந்து, அப்போது எடின்பரோவில் ஆசிரியராய் விளங்கிய விட்டேகரின் மூலமாகப் பேச்சு நடந்திருந்தது. இருவரும் ஜினீவாவில் சந்தித்தனர். பெல்ஜியத்தில் ஓராண்டு தங்கிய ஷ்ரோடிங்கர், யுத்தம் மூண்டபின் 1939 அக்டோபரில் டப்ளின் வந்து சேர்ந்தார். நிலையம் பிறக்குமுன்பே அதன் முதல் ஆசிரியர் வந்துவிட்டார். அடுத்த 17 ஆண்டுகள் அதுவே அவருக்கு வீடாயிற்று. 1948-ல் அயர்லாந்தின் பிரஜையானார்.

பெங்களூரில் நடந்தது

இங்கே நமது நாட்டில் நிகழ்ந்த ஒன்றை நினைவு கூர்வது பொருந்தும். ஏனெனில் இரு நிகழ்ச்சிகளுக்கும் காரணம் ஒன்றே. ஷ்ரோடிங்கரின் சகாவான மாக்ஸ் பார்ன் 1933-ல் கோட்டிங்கன் பதவியை இழந்து நாடு துறந்தார். திருச்சிராப்பள்ளியில் பிறந்து, 1930-ல் நோபல் பரிசு பெற்ற ஸர் சி. வி. ராமன் அப்போது பெங்களூர் இந்திய விஞ்ஞான ஸ்தாபனத்தின் தலைவர். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர். அவருடைய அழைப்பின்பேரில் பார்ன் 1935-36-ல் பெங்களூரில் ஏறக்குறைய ஆறு மாதம் தங்கினார். அவருக்கு நிரந்தரப் பதவி அளித்து இந்நாட்டிலேயே நிறுத்திக் கொள்ள ராமன் பெரிதும் விரும்பினார்.

ஆனால் நடந்ததென்ன? ஆசிரியர் கூட்டத்தில் ஆங்கிலேய ஆசிரியர் ஒருவர் எழுந்து, சொந்த நாட்டாரால் துரத்தப்பட்ட இரண்டாந்தர அந்நியர் நமக்குத் தகுதியானவரல்லர் என்ற பொருள்படப் பேசியதாகப் பார்ன் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். நிரந்தரப் பதவி கிட்டவில்லை. பார்ன் எடின்பரோ சென்றார். 1937-ல் ராமனும் தலைமைப் பதவியைத் துறக்க நேர்ந்தது. அந்த "இரண்டாந்தர" அறிஞருக்கு 1954-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ராமனுக்கு அறிவில் குறைவா? தேசபக்தியில் குறைவா? இல்லை. டி வேலராவின் கையில் இருந்த ஒன்று ராமனின் கையில் இல்லை. அது சொந்த அரசாங்கம். அகதியை வரவேற்பதற்குக் கூட ஒரு நாட்டுக்கு முதலில் வாசற்கதவின் சாவி தன்னிடம் இருக்க வேண்டும். சுதந்திரத்தால் என்ன பயன் என்று கேட்போருக்கு இதைக் காட்டிலும் தெளிவான விடை வேண்டுவதில்லை.

மெரியன் சதுக்கத்து வீடு

டப்ளின் நகரில் மெரியன் சதுக்கத்தில் சாதாரணமான இரு வீடுகளில் நிலையம் வேலை தொடங்கியது. ஷ்ரோடிங்கர் பௌதிகப் பகுதிக்குத் தலைவரானார். 1941-ல் வால்டர் ஹைட்லர் வந்து சேர்ந்தார். அணுக்கள் ஒன்றோடொன்று எவ்வாறு பிணைகின்றன என்பதைப் புதிய பௌதிகத்தின் துணையால் 1927-லேயே விளக்கி, பௌதிகத்துக்கும் ரசாயனத்துக்கும் பாலமிட்டவர் அவர். ஜெர்மனியை விட்டு வெளியேறி இங்கிலாந்தில் வாழ்ந்த அவரை, யுத்தம் வந்ததும் அந்நாட்டார் ஜெர்மானியர் என்று சொல்லிச் சிறிது காலம் காவலில் வைத்திருந்தனர். டப்ளின் அவருக்கு நாற்காலி அளித்தது.

1942-ல் நடந்த அறிஞர் மாநாட்டுக்கு இங்கிலாந்திலிருந்து டிராக்கும் எடிங்டனும் வந்தார்கள். பிரதம மந்திரி டி வேலராவும் வந்து அமர்ந்து கேட்டார். சீன தேசத்துப் பெங் ஹுவான்வு அங்கே ஹைட்லருடன் சேர்ந்து ஆராய்ந்தார். பின்னாளில் தம் நாட்டின் பௌதிக சாஸ்திரத்தைக் கட்டி வளர்த்தவர்களுள் ஒருவரானார். யுத்தம் முடிந்ததும் பிரான்ஸிலிருந்து சிசில் மோரெட் என்னும் இளம் பெண் விஞ்ஞானி வந்தார். அவரே 1951-ல் ஆல்ப்ஸ் மலைச் சாரலில் லெ ஹூஷ் என்னுமிடத்தில் புகழ்பெற்ற பௌதிகக் கோடைப் பள்ளியை நிறுவினார். ஒரு விளக்கிலிருந்து பல விளக்குகள் ஏற்றப்படுவது இப்படித்தான்.

பௌதிகமும் உயிரும்

1943 பிப்ரவரியில் ஷ்ரோடிங்கர் தம் கடமைப்படி டிரினிடி கலாசாலையில் பொதுப் பிரசங்கங்கள் செய்தார். அவர் எடுத்துக் கொண்ட விஷயம் தமது சாஸ்திரத்தைச் சேர்ந்ததன்று, "உயிர் என்பது யாது?" என்பது அதன் தலைப்பு. சுமார் 400 பேர் கூடினர். விஷயம் கடினமென்று முன்கூட்டியே எச்சரித்தும் கூட்டம் குறையவில்லை.

அவர் எழுப்பிய கேள்வி இது: தாய் தந்தையரின் சாயல் தலைமுறை தலைமுறையாக மாறாது இறங்குகிறதே, அதைத் தாங்கி வரும் பொருள் எத்தகையது? சில அணுக்களால் ஆன அவ்வளவு நுண்ணிய பொருள் உடலின் வெப்பத்தில் சிதையாது நிற்பது எங்ஙனம்? உப்பு, கற்கண்டு போன்றவற்றின் படிகங்களில் ஒரே அமைப்பு மீண்டும் மீண்டும் வரும். உயிரின் மூலப்பொருளும் படிகம் போன்று உறுதியானதே. ஆனால் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வராத அமைப்புடையது. அந்த அமைப்பிலேயே, சங்கேத லிபியில் எழுதியது போல், உயிரின் முழுத் திட்டமும் அடங்கியிருக்கிறது என்று அவர் ஊகித்தார்.

இப்பிரசங்கங்கள் 1944-ல் நூலாக வெளிவந்தன. அதன் இறுதியில் உபநிஷத்துக்களின் ஆத்ம-பிரம்ம ஐக்கியத்தைப் போற்றி அவர் எழுதிய பகுதி காரணமாக டப்ளின் பதிப்பாளர் பின்வாங்கினார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அச்சகம் வெளியிட்டது. பௌதிகம் பயின்ற பல இளைஞர்களை அச்சிறு நூல் ஜீவ சாஸ்திரத்தின் பக்கம் திருப்பிற்று. 1953-ல் மரபணுப் பொருளான டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் அமைப்பைக் கண்ட வாட்சனும் கிரிக்கும் அந்நூலால் தாங்கள் தூண்டப்பட்டவர்கள் என்பதைக் கிரிக் அவ்வாண்டே ஷ்ரோடிங்கருக்குக் கடிதம் மூலம் தெரிவித்தார். நூலில் புதியவை பல சரியல்ல, சரியானவை பல புதியவையல்ல என்று மாக்ஸ் பெருட்ஸ் போன்ற நிபுணர்கள் பின்னர் கண்டித்ததுண்டு. இருக்கலாம். சரியான விடையைக் காட்டிலும் சரியான கேள்வி அதிகப் பயன் தரும் காலங்கள் உண்டு. ஒரு சாஸ்திரத்தின் வேலியைத் தாண்டி அடுத்த வயலில் கால் வைக்கும் துணிவு, பரீட்சைப் பாடத்திட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஆசிரியருக்கு எளிதில் வாய்ப்பதன்று.

இரண்டு பாட்ரிக்குகள்

தேசபக்தர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது கெல்டியப் பகுதியில் நடந்த ஒரு நிகழ்ச்சி. அயர்லாந்துக்குக் கிறிஸ்தவ மதத்தைக் கொணர்ந்தவர் புனித பாட்ரிக் என்பதும், அவர் கி.பி. 432-ல் வந்தார் என்பதும் அந்நாட்டுக் குழந்தைகளும் அறிந்த செய்தி. அவரே அத்தேசத்தின் காவல் தெய்வம் போன்றவர். 1942-ல் நிலையத்தைச் சேர்ந்த டி. எப். ஒராஹிலி ஒரு பிரசங்கம் செய்தார். பழைய ஆதாரங்களைச் சீர்தூக்கிப் பார்த்தால் பாட்ரிக் என்பவர் ஒருவரல்லர், இருவர்; அவ்விருவரின் வரலாறும் பின்னாளில் ஒன்றாகக் குழம்பிவிட்டது என்பது அவர் முடிவு.

நாடே திகைத்தது. ஏறக்குறைய அக்காலத்திலேயே ஷ்ரோடிங்கரும் காரண காரிய நியதியைப் பற்றிப் பேசி, முதற் காரணம் ஒன்றை நிலைநாட்டுவது பற்றி ஐயங்களைக் கிளப்பியிருந்தார். டப்ளின் பத்திரிகை ஒன்றில் எழுதி வந்த ஹாஸ்ய ஆசிரியர் ஒருவர், பாட்ரிக்குகள் இருவர், கடவுள் ஒருவருமில்லை என்பதே இந்நிலையம் இதுகாறும் நிரூபித்தது என்று பரிகாசம் செய்தார். ஊர் சிரித்தது.

அரசாங்கம் என்ன செய்தது? மதப் பற்றில் டி வேலரா எவருக்கும் குறைந்தவரல்லர். பழம் பெருமையை நிலைநாட்டுவதற்கென்றே அவர் கெல்டியப் பகுதியை அமைத்தார் என்று எண்ணியவர்களும் இருந்தனர். ஆயினும் ஒராஹிலியின் நாவை எவரும் கட்டவில்லை. அவருடைய பிரசங்கத்தை நிலையமே அச்சிட்டு வெளியிட்டது. அவ்வாண்டே கெல்டியப் பகுதியின் தலைவரான அவர், 1947 வரை அப்பதவியிலேயே இருந்தார். அவர் கருத்து சரியா தவறா என்பதைப் பிற அறிஞர்கள் ஆதாரங்களைக் கொண்டு விவாதித்தார்கள், இன்றும் விவாதிக்கிறார்கள்.

தேசத்தின் பணத்தைப் பெறும் ஆராய்ச்சி, தேசத்துக்கு இனிப்பானதையே சொல்ல வேண்டுமென்று விதித்தால், அது ஆராய்ச்சியன்று. சம்பளம் வாங்கும் துதிபாடல். பழம் பெருமையைப் பொய்யால் முட்டுக் கொடுத்து நிறுத்த முயலும் நாடு, மெய்யான பெருமையின் மீதும் சந்தேகத்தை வரவழைக்கும். சோதனைக்கு அஞ்சாத பெருமையே நிற்கும். நம் நாட்டில் தொல்லியலும் சுவடியும் சாசனமும் ஆராய்வோரிடத்தில் நாம் எதிர்பார்ப்பது எது? உண்மையையா, உவப்பையா? ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக் கொள்ள வேண்டிய கேள்வி இது.

குறைகளும் உண்டு

டப்ளினைப் போற்றுவோர் அதன் குறைகளை மறைத்தல் நேர்மையன்று. புகழ்பெற்ற அறிஞர்களுக்குக் கதவு திறந்த அதே அயர்லாந்து, ஹிட்லரின் கொடுமைக்கு அஞ்சி ஓடிவந்த சாதாரண யூத மக்களில் மிகச் சிலரையே உள்ளே அனுமதித்தது. மேதைக்குக் கிடைத்த இரக்கம் தையற்காரனுக்கும் குழந்தைக்கும் கிடைக்கவில்லை. அறிவை மதிப்பது பெரிது. மனித உயிரை மதிப்பது அதனினும் பெரிது.

ஷ்ரோடிங்கரும் பிழைக்கு அப்பாற்பட்டவரல்லர். 1947 ஜனவரியில், ஐன்ஸ்டீனாலும் முடியாத பொதுக் கொள்கையைத் தாம் கண்டுவிட்டதாகப் பத்திரிகையாளர் முன்னிலையில் முழங்கினார், அது நிலைக்கவில்லை. ஐன்ஸ்டீனின் மனமும் புண்பட்டது. அவருடைய தனி வாழ்க்கையில் சிறுமியர் சம்பந்தமாக எழுந்த மிகக் கடுமையான குற்றச்சாட்டுகள் 2021-ல் பத்திரிகையில் விரிவாக வெளிவந்தன. அடுத்த ஆண்டு டிரினிடி கலாசாலை தன் பிரசங்க மண்டபத்திலிருந்து அவர் பெயரை நீக்கிற்று. அறிவின் உயர்வு ஒழுக்கத்தின் உயர்வுக்கு ஈடு ஆகாது. ஸ்தாபனத்தை ஒரு தனி மனிதரின் புகழில் மட்டும் கட்டுதல் கூடாது என்பதற்கும் இது எச்சரிக்கை.

நிலையம் அவ்வாறு கட்டப்படாததால்தான் ஷ்ரோடிங்கர் 1956-ல் வியன்னா திரும்பிய பின்னும் அது தளரவில்லை. 1947-ல் விண்வெளி சம்பந்தமான பௌதிகத்துக்கென மூன்றாம் பகுதி சேர்ந்தது. மூடிக் கிடந்த டன்சிங்கின் கதவு மீண்டும் திறந்தது. மறு ஆண்டு, வெளிநாடுகளில் புகழ்பெற்ற டப்ளின்காரரான ஜே. எல். சிங் தாய்நாடு திரும்பினார். பின்னர் ஹங்கேரியரான லான்சோஷ் அமெரிக்காவிலிருந்து வந்தார். கெல்டியப் பகுதியில் டி. ஏ. பின்ச்சி என்பவர் பண்டைய ஐரிஷ் நீதி நூல்களின் சுவடிகளை ஆண்டாண்டாக ஆராய்ந்து, 1978-ல் ஆறு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். எந்த வியாபாரப் பதிப்பாளர் அவ்வளவு காலம் காத்திருப்பார்? எந்தத் தேர்தல் அவ்வளவு தூரம் நோக்கும்?

நமக்குரிய பாடம்

நம் நாடும் இவ்வழியில் அடியெடுத்து வைக்காமலில்லை. பிரின்ஸ்டனில் ஓராண்டு தங்கித் திரும்பிய அல்லாடி ராமகிருஷ்ணன், சென்னை மயிலாப்பூரில் தம் இல்லத்திலேயே இளைஞர்களைக் கூட்டிப் பௌதிக விவாதங்கள் நடத்தினார். 1960-ல் சென்னை வந்த நீல்ஸ் போர் அச்சிறு கூட்டத்தைக் கண்டு வியந்தார். மந்திரி சி. சுப்பிரமணியத்தின் முயற்சியாலும் பிரதமர் நேருவின் ஆதரவாலும் 1962 ஜனவரி 3-ந் தேதி கணித விஞ்ஞான நிலையம் சென்னையில் உதயமாயிற்று. 1965-ல் சிம்லாவில் வைசிராய்கள் கோடைக்காலத்தைக் கழித்த மாளிகையிலேயே இந்திய உயர்தர ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. அம்மாளிகையை அறிஞர்களுக்கு அளிக்கச் செய்தவர் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன். நம்மை ஆண்டவர்கள் நம் தலைவிதியை எழுதிய அறைகளில் நம் அறிஞர்கள் நூல் எழுதலானார்கள்.

ஆகவே ஸ்தாபனங்கள் நம்மிடம் இல்லாமலில்லை. அவை உயிரோடு இயங்குவதற்கு வேண்டியவை யாவை என்பதையே டப்ளின் கற்பிக்கிறது. பொருள் சிறிதாயினும் ஆண்டுதோறும் தவறாமல் கிடைக்க வேண்டும். ஒருவர் பிறந்த நாட்டையும் பேசும் பாஷையையும் பாராமல் தகுதியை மட்டும் பார்த்து அழைக்க வேண்டும். ஒரு சாஸ்திரத்தில் வல்லவர் மற்றொரு சாஸ்திரத்தின் கேள்வியைத் தொட்டால், உமக்கு இங்கு என்ன வேலை என்று விரட்டலாகாது. ஆராய்ந்ததைப் பொது ஜனங்களுக்குப் புரியும்படி அறிஞர்கள் வந்து சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் சொல்வது ஆட்சியிலுள்ளோருக்கும் நமக்கும் கசந்தாலும், அதற்காக அவர்கள் நாற்காலி ஆடக்கூடாது.

கடைசியாகக் கூறியதுதான் கடினமானது. பணம் ஒதுக்குவது ஒரு வரவு செலவுத் திட்டத்தில் முடியும் காரியம். பொறுமை ஒதுக்குவது நாள்தோறும் செய்ய வேண்டிய காரியம். அதை மந்திரிகள் மாத்திரம் செய்துவிட இயலாது. கூட்டத்தில் பேசுபவரும், பத்திரிகையில் எழுதுபவரும், கட்சிக்கு உழைப்பவரும் செய்ய வேண்டும். தனக்குப் பிடிக்காத முடிவைச் சொன்ன அறிஞரைத் துரோகி என்று தூற்றாமல், ஆதாரம் காட்டு என்று கேட்கும் ஒவ்வொரு தொண்டரும் அத்தகைய நிலையத்துக்கு ஒரு கல் எடுத்து வைத்தவராவார். தூற்றுபவரோ, தாம் அறியாமலே, டன்சிங்கின் கதவுக்குப் பூட்டுப் போட்டவர்களின் வரிசையில் போய் நிற்கிறார்.